தவளைப் பேழைக்கு ஏற்ற மரம்

தமிழ் பயில்வார்க்குத் தவளை புதியதோர் உயிரன்று. சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்கும் நிலைகளை வகுத்த நன்னூலார், இடைவிட்டுச் சென்று பொருந்தும் நிலைக்குத் தவளைப் பாய்த்து என்று பெயரிட்டார். தன் ஊர் எல்லையன்றிப் பிறிதறியாதானைக் கிணற்றுத் தவளை என்கிறோம். மறைந்து கிடக்க அறியாது கூவிப் பாம்பிற்கு இரையாதலை நோக்கித் தவளை தன் வாயாற் கெடும் என்றனர் முன்னோர். வயலிலும் ஏரிக்கரையிலும் அப்பழமொழி மெய்யே. ஆயின் மனிதன் அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காக்கத் தொடங்கியபின், அது தன் தோலாலும் கெடுவதாயிற்று. அத்தோலுக்குத் தீங்கிழைக்கக் கூடிய பொருள்களுள் ஒன்று, நிழலுக்கும் அழகுக்குமென்று நாம் உள்ளே வைக்கும் மரக்கட்டையாகும். அக்கட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையினை, அணுபுரத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியில் கிடைக்கும் மரங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அணுபுரம் செங்கற்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்து அணுத்துறைப் பணியாளர்க்கென அமைந்த குடியிருப்பு. அதன் கிழக்கே சில கல் தொலைவில் கடலும் மணற்பரப்பும் சவுக்குத் தோப்புகளும் உள்ளன. வடகிழக்கே மாமல்லபுரம், வடமேற்கே திருக்கழுக்குன்றத்துக் குன்று, தெற்கே பாலாறு கடலொடு கலக்கும் இடம், எங்கு நோக்கினும் ஏரியும் வயலும். ஐப்பசி கார்த்திகை மழையில் இவ்வேரிகள் நிரம்புங்கால் தவளைகளின் ஒலி வீட்டு வாயில்வரை வரும். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இக்கரையிலேயே உள்ளது. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் பற்றிய அறிவை மக்களிடையே பரப்புவதில் அந்நிலையம் பெயர் பெற்றது. மிதிவண்டியிற் சென்று வரத்தக்க இவ்வட்டத்துள் நெய்தலும் மருதமும் புதர் படர்ந்த குன்றும் ஒருங்கே அடங்கியிருத்தலின், ஒவ்வொரு நிலத்து மரத்தையும் ஒப்பிட்டு நோக்க இஃது ஏற்ற இடமாகும்.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். ஏரிக்கரையிற் கண்ட தவளையைப் பிடித்து வந்து அடைத்து வைத்தல் விளையாட்டன்று. காட்டுயிர்களைக் காக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வெளிநாட்டார் உணவுக்கெனத் தவளைக்கால்களை ஏற்றுமதி செய்யும் வாணிகத்தையும் 1987இல் இந்திய அரசு நிறுத்திவிட்டது. வயலிற் பூச்சிகளை உண்டு உழவர்க்கு உதவும் உயிர் அது. ஆதலின் எவ்வினத் தவளையையும் வைத்துக் காக்குமுன் வனத்துறையாரைக் கேட்டறிதல் கடமை. உரிய இசைவுடன் ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்டதும், அடிபட்டு மீட்கப்பட்டுச் சிலநாட் காக்கப்படுவதும், சட்டம் இடங்கொடுக்கும் முறையில் வளர்க்கப்படுவதுமாகிய தவளைகளையே யாம் கருதுகின்றேம். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர், மெழுகிட்ட தட்டில் தவளையை அறுத்தே விலங்கியல் பயின்றிருப்பர். பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அவ்வழக்கத்தை நிறுத்தியது. இனித் தவளையை அறிய விழையும் மாணவன் அதனை உயிருடன் நோக்கியே அறிதல் வேண்டும். உயிருடன் நோக்க விழைவோன் அதனை வாழ்விக்கவும் அறிதல் வேண்டுமன்றோ?

தோலே வாய்

தவளை நம்மைப் போல வாயால் நீர் பருகுவதில்லை. ஈரத்தில் அமர்ந்து, வயிற்றின் அடியிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலின் வழியாக நீரை உள்ளிழுத்துக் கொள்கிறது. அதற்கு நுரையீரல் உண்டெனினும், மூச்சின் ஒரு பகுதி அவ்வீரத்தோலின் வழியாகவே நடைபெறுகிறது. பாம்பிற்கும் பல்லிக்கும் உள்ள செதிற்போர்வை இதற்கில்லை. ஆகவே நீரிற் கரைந்துள்ள பொருள் எதுவாயினும் அது தவளையின் உடலுட் புகுதல் எளிது.

இதனை உணர்ந்தால் மரக்கட்டையின் நிலை விளங்கும். பறவைக் கூண்டில் வைத்த கிளை, பறவைக்கு இருக்கை மட்டுமே. தவளைப் பேழையில் வைத்த கட்டையோ இடையறாது நனைந்து கிடக்கிறது. அதிலிருந்து வடியும் நீரே அடியிலுள்ள மண்ணிலும் நீர்த்தட்டிலும் சேர்கிறது. அந்நீரையே தவளை பருகுகிறது. எனவே பேழையுள் வைக்கும் கட்டையை வீட்டுப் பொருளாக எண்ணாது உணவுப் பொருளாகவே எண்ணித் தேர்தல் வேண்டும். காட்சிக்கு இனிதா என்று கேட்பதற்கு முன்னர், இது நீருக்கு எதைக் கொடுக்கும் என்று கேட்பதே முறை.

மரம் நீருக்குக் கொடுக்கும் தன்மையுடையது என்பது நம் நாட்டார்க்குப் பழைய அறிவு. உவர்நீர்க் கிணற்றில் நெல்லிக் கட்டை இடும் வழக்கம் இன்றும் சிற்றூர்களில் உண்டு. கலங்கிய நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தனர். அத்தேற்றாமரத்தைப் பற்றிய செய்தி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. செடிநூலார் அதனை ஸ்டிரிக்னாஸ் என்னும் இனத்துள் அடக்குவர். ஸ்டிரிக்னைன் என்னும் கொடுநஞ்சினைத் தரும் எட்டிமரமும் அதே இனத்ததே. உடன்பிறந்தாராகிய இருமரங்களுள் ஒன்று நீரைத் தெளிவிக்கிறது. மற்றொன்று நீரை நஞ்சாக்குகிறது. உலர்ந்து பட்டை நீங்கிய இரண்டு கட்டைகளைக் கையிற் கொடுத்தால் எது எதுவென்று நம்முட் பலர் கூறவல்லரல்லர். ஆதலின் முதல் விதி இதுவாகும்: இன்ன மரம் என்று உறுதியாக அறியப்படாத கட்டை எவ்வளவு அழகிதாயினும் பேழையுள் புகுதல் ஆகாது.

மூவகைக் கொடை

மரம் நீருக்குக் கொடுப்பவற்றை மூன்றாக வகுக்கலாம். மரத்தின்கண் இயல்பிற் பிறந்தது ஒன்று. அதன்மேல் வெளியிலிருந்து ஏறியது ஒன்று. அதனுட் குடிபுகுந்தது ஒன்று.

இயல்பிற் பிறந்தவை பாலும் பிசினும் எண்ணெயும் துவர்ப்பும் நஞ்சும். மரம் ஓடி ஒளிய மாட்டாது. ஆதலின் தன்னைத் தின்ன வருவனவற்றை இப்பொருள்களாற் விலக்குகிறது. ஈண்டு இல்லறத்தாரின் மதிப்பும் தவளை காப்போன் மதிப்பும் மாறுபடுதலைக் காணலாம். கரையான் தீண்டாது என்று புகழ்ந்து தேக்கை வீட்டுக்குத் தேர்கிறோம். பூச்சி அண்டாது என்று வேப்பம்பலகையால் பெட்டி செய்கிறோம். அப்பூச்சியை விலக்கும் பொருளே நனைந்த தோலுக்கும், பேழையுள் இரையாக விடப்படும் சுவர்க்கோழிக்கும் ஆகாததாக இருத்தல் கூடும். ஆகவே கரையான் தீண்டாத மரம் என்னும் புகழுரையைக் கேட்டவுடன் தவளை காப்போன் சற்றே தயங்குதல் நன்று. அதற்காக மிக மெல்லிய மரத்தை எடுத்தலும் தகாது. முருங்கையும் கலியாண முருங்கையும் சில வாரங்களிலேயே நைந்து பூசணம் பிடிக்கும். நஞ்சால் நிலைப்பதும் அன்று, நொய்தாய் அழிவதும் அன்று. செறிவால் நிலைப்பதே வேண்டற்பாலது.

வெளியிலிருந்து ஏறியவை உப்பு, தார், வண்ணப்பூச்சு, மெருகு, பூச்சிமருந்து என்பன. உள்ளே குடிபுகுந்தவை பூசணம், சிற்றுண்ணி, பூரான், எறும்பு முதலாயின. இவற்றுட் கண்ணுக்குத் தெரியாத கொடியது ஒன்று உண்டு. கைட்ரிட் என்னும் வகையைச் சேர்ந்த பூஞ்சை தவளையின் தோலிற் பற்றி, உப்பும் நீரும் அளவோடு சென்று வரும் வழியைக் கெடுத்துக் கொல்கிறது. 1999இல் அறிஞர் அதற்குப் பெயரிட்டனர். உலகின் பல பகுதிகளில் தவளையினங்கள் அருகியதற்கும் சில முற்றும் அழிந்ததற்கும் அது காரணமாயிற்று. ஈரமண்ணோடும் ஈரக்கட்டையோடும் அஃது இடம்விட்டு இடம் செல்லும். வெப்பமும் முற்ற உலர்தலும் அதற்குப் பகை. 60 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்களிலேயே மடியும் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நெய்தல் தரும் கட்டை

இனி நிலந்தோறும் செல்வாம். கடற்கரையில் உலவுவோரைக் கவர்வது அலை ஒதுக்கிய கட்டை. மணலும் நீரும் தேய்த்தமையால் அது வழவழப்பாய், வெயிலால் வெளிறி, சிற்பி செதுக்கிய தோற்றம் உடையதாய்க் கிடக்கும். பேழைக்கென்றே இயற்கை அமைத்து வைத்ததோ என்று தோன்றும். ஆயின் ஆராய்ந்து பார்ப்பின் இவ்வட்டத்திற் கிடைக்கும் கட்டைகளுள் ஐயத்துக்கு மிக இடமானது இதுவே.

என்னை? முதலாவது, உப்பு. கடல்நீர் 1 லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தவளையின் உடல்நீரின் செறிவோ கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. உப்பு மிக்க நீரில் தவளை அமருமாயின், நீர் உள்ளே புகுவதற்கு மாறாக அதன் உடலினின்றும் வெளியேறுகிறது. நீர் நடுவே இருந்தும் அது வறளும். தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை ஒன்றே இதற்குப் புறநடையாகப் பெயர் பெற்றது. அது தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்து உப்புநீரைத் தாங்குகிறது என்பதை 1961இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. நம் ஏரித் தவளைக்கு அவ்வாற்றல் இல்லை.

இரண்டாவது, கப்பற்புழு. கடலில் நெடுநாள் மிதந்த கட்டையை இவ்வுயிர் நீளத் துளைத்துவிடும். மேலே ஊசிமுனையளவாகத் தோன்றும் துளை உள்ளே விரலளவு அகன்ற வழியாக இருக்கும். அவ்வழிகளில் உப்பு தங்குதலின் மேலே கழுவுதலாற் பயனில்லை. மூன்றாவது, அக்கட்டையின் வரலாறு நமக்குத் தெரியாமை. அது கரையோரத்துப் பூவரசின் கிளையோ, தார் பூசிய படகின் பலகையோ, எண்ணெய் தோய்ந்த துறைமுகத் தூணோ, யாரறிவார்? 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதிய பின்னர், எண்ணெய்க் கசடு சென்னைக் கடற்கரைகளில் ஒதுங்கியதை நாம் அறிவோம். கடல் தான் ஏந்தி வருவதை மறைத்து ஒதுக்கும். எனவே கடல் ஒதுக்கிய கட்டையை அடியோடு விலக்குதலே தொடக்கத்தார்க்கு ஏற்றது.

கடற்கரைச் சவுக்கு அத்துணைத் தீயதன்று. விறகுத்தொட்டிகளிலும் கட்டட வேலையிலும் மிகுதியாகக் காணப்படும் அதன் கட்டை கனமும் செறிவும் உடையது. பட்டையில் துவர்ப்பு மிகுதி. ஆதலின் பட்டையை முற்றும் உரித்து, நீரிற் பலநாள் ஊறவைத்து, நிறம் இறங்குவது நின்றபின் கொள்ளலாம். சாரம் கட்டப் பயன்பட்ட கழியைக் கொள்ளற்க. சுண்ணாம்பும் சிமிட்டியும் எண்ணெயும் அதிற் படிந்திருக்கும். முந்திரித் தோப்பின் கட்டை தோலை எரிக்கும் எண்ணெய்க் குடும்பத்தது. உப்பங்கழி ஓரத்துத் தில்லைமரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இவ்விரண்டும் விலக்கத்தக்கன.

மருதமும் குன்றும் தரும் கட்டை

வயலும் தோட்டமுமாகிய நிலத்தில் நமக்கு வேண்டியவை உள்ளன. அவற்றுள் முதலாக வைக்கத்தக்கது புளி. கறிக்கடைகளில் இறைச்சி வெட்டும் கட்டை பெரும்பாலும் புளியங்கட்டையே என்பது யாவரும் அறிந்தது. நாள்தோறும் நனைந்தும் கழுவப்பட்டும், வெட்டுண்டும் சிதையாது, உணவுக்குத் தீய சுவை ஏற்றாது நிற்றலாலன்றோ அதனைத் தேர்ந்தனர்? தவளைப் பேழைக்கு வேண்டிய தகுதிகள் இவையே. அடுத்தது கொய்யா. அதன் கிளைகள் வளைந்தும் கவர்விட்டும் இருத்தலின் மரத்தவளை ஏறியமரத் தக்கன. பட்டை தானே செதிலாக உரிந்து வழவழப்பான மேனி தோன்றும். மூன்றாவது நாவல். நீரில் நெடுநாள் கிடந்தும் எளிதில் அழுகாமையால் கிணற்று வேலைக்கு அதனைப் பயன்படுத்தினர்.

தென்னையின் பயனைத் தனியே கூறல் வேண்டும். தேரை மோந்த தேங்காய் கெடும் என்பர் நம்மவர். தேங்காயின் ஓட்டில் தேரை குடியிருத்தலாற் கேடு ஒன்றும் இல்லை! இரண்டாக உடைத்த கொட்டாங்கச்சியின் விளிம்பில் ஒரு வாயில் வெட்டிக் கவிழ்த்து வைத்தால், தரையில் வாழும் தேரைக்கு அதனினும் நல்ல மறைவிடம் வேண்டா. உள்ளே ஒட்டிய பருப்பை முற்றும் சுரண்டிக் கொதிக்கும் நீரில் இடுதல் வேண்டும். எஞ்சிய பருப்பு பூசணம் பிடிக்கும். நார்த்தூளைத் தரையாகப் பரப்புவோர் அது உப்பங்கழியில் ஊறிய மட்டையினின்று வந்ததாகலாம் என்பதை மறவாது, பன்முறை அலசிப் பயன்படுத்துக.

தோட்டத்திலேயே விலக்கத்தக்கனவும் உள்ளன. அரளி முழுதும் நஞ்சு. வேலியழகுக்கு வைக்கும் மஞ்சள் அரளியும் அவ்வாறே. கள்ளியும் எருக்கும் பால் வடிப்பன. புங்கின் வித்தும் வேரும் மீனை மயக்கப் பயன்பட்டன என்றால், நீரில் வாழும் உயிருக்கு அது நட்பன்று என்பது தெளிவு. வேம்பு நமக்கு மருந்தாயினும் தவளைக்கு மருந்தன்று. மாமரம் முந்திரியின் குடும்பத்தது. பாலும் பிசினும் உடையது. மேலும் தோப்பு மரங்களில் பூச்சிமருந்து தெளித்தல் மிகுதி. குன்றைச் சார்ந்த புதர்க்காட்டில் எட்டி உண்டு என்பதனாலேயே, அங்குக் கண்ட உலர்ந்த கட்டையைப் பெயரறியாது எடுத்தல் கூடாது. காப்புக் காட்டினின்றும் பறவைச் சரணாலயத்தினின்றும் கட்டை எடுத்தல் சட்டத்துக்கும் மாறாகும். மேலும் ஏரிக்கரையில் மட்கிக் கிடக்கும் கட்டையின் அடியில் தேரையும் பூரானும் நண்டும் முன்னரே குடியிருக்கின்றன. அடைபட்ட தவளைக்கு வீடு அமைக்க, அடைபடாத தவளையின் வீட்டைப் பறித்தல் அறமாகாது. நம் வீட்டுத் தோட்டத்திற் கவ்வாத்து செய்த கிளையும், புயலில் முறிந்த புளியங்கிளையுமே போதும்.

கடையிலும் பட்டறையிலும் கிடைப்பவற்றுள் பைன், தேவதாரு முதலிய பிசின் மரங்கள் ஆகா. வெளிநாட்டுச் சரக்குப் பெட்டியின் பலகையிற் பொறித்த எழுத்துகளை நோக்குக. எச். டி. என்பது வெப்பத்தாற் பதப்படுத்தியது, எம். பி. என்பது மெதில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. முன்னதும் பெரும்பாலும் பைன் ஆதலின், இரண்டனையும் விலக்குதலே தகும். ஒட்டுப்பலகையின் பசையும், மரச்சிற்பத்தின் மெருகும், பழைய தண்டவாளக் கட்டையின் கிரியோசோட் எண்ணெயும் நீரிற் கலப்பன. மாமல்லபுரத்துக் கைவினைஞரிடம் கிடைக்கும் செதுக்கிய துண்டு எத்துணை அழகிதாயினும், இன்ன மரம், மெருகு ஏறாதது என்று அவர் வாயாற் கேட்டறிந்தே கொள்ளுதல் வேண்டும்.

பதப்படுத்தலும் சோதித்தலும்

நல்ல மரம் கிடைத்தபின்னும் அதனை அப்படியே வைத்தலாகாது. பச்சைக் கட்டையை நிழலிற் பல வாரம் உலர்த்துக. தளர்ந்த பட்டையையும் மென்மையாகி நைந்த பகுதியையும் உளியால் நீக்குக. நார்த்தூரிகை கொண்டு வெந்நீரில் தேய்க்க. சவர்க்காரமும் வெளுப்பு மருந்தும் வேண்டா, அவை மரத்துளைகளில் தங்கிவிடும். பின்னர்ப் பெரிய பாத்திரத்தில் நீர் மூடுமாறு இட்டு 1 மணி நேரம் கொதிக்க வைக்க. கட்டை தடித்ததாயின் வெப்பம் உள்ளே செல்லும்படி மேலும் கொதிக்க வைக்க. வடித்த நீர் தேநீர் நிறமாக இருக்கும். அது துவர்ப்பின் நிறம். சிறிதளவு துவர்ப்பால் கேடில்லை. காட்டுக் குட்டைகளிலும் சருகு ஊறிய நீர் அந்நிறத்ததே. எனினும் சிறுபேழையின் நீர் குறைவாதலின், கட்டையைத் தூய நீரில் இட்டு நாள்தோறும் நீர் மாற்றி 2 வாரம் ஊறவைத்தல் நலம். பாத்திரத்தில் அடங்காத கட்டைக்குக் கொதிநீரைப் பலமுறை ஊற்றி, ஊறுதலை நீட்டிக்க. இறுதியாக வெயிலில் நன்கு உலர்த்துக.

இனிச் சோதனை. கடைசி நாள் ஊறிய நீரை முதலில் முகர்க. நெடி இருப்பின் ஆகாது. புட்டியில் அடைத்துக் குலுக்குக. நுரை நெடுநேரம் நின்றால் அம்மரத்தில் நுரைக்கும் நஞ்சு உண்டோ என ஐயுறுக. மீன்வலைக்காரர் நீரிற் கரைத்த செடிநஞ்சுகளுட் பல இவ்வாறு நுரைப்பனவே. உப்பை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கட்டை ஊறிய நீரில் ஒரு கரண்டியும், கட்டை ஊறாத அதே நீரில் ஒரு கரண்டியும் இரு பீங்கான் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்ற விடுக. முன்னதில் வெண்படிவு மிகுந்திருந்தால் கட்டை இன்னும் உப்பு விடுகிறது என்க. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தார் இதனையே நுண்ணிதிற் செய்வர்: நீரிற் சிறிது நைட்ரிக் அமிலமும் பின் வெள்ளி நைட்ரேட்டும் துளித்துளியாக இட்டால், குளோரைடு உள்ள அளவுக்கு வெண்ணிறக் கலங்கல் தோன்றும். இக்கரையோரத்துக் கிணற்றுநீரிலும் உப்பு உண்டாதலின், ஊறாத நீரோடு ஒப்பிடாத சோதனை சோதனையாகாது.

வைக்கும் முறை

மரத்தைத் தேர்ந்தால் மட்டும் போதாது. தவளையின் இயல்பறிந்து வைத்தலும் வேண்டும். குளியலறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மரத்தவளை விரல்நுனியில் ஒட்டும் வட்டுகளை உடையது. அது நீர்மேற் கவிந்த கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகள் கீழுள்ள நீரில் விழும். அதற்கு அதன் உடலினும் சற்றே பருத்த, சாய்ந்து செல்லும் கிளை வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதையும் தவளைக்கோ கிளையால் பயனில்லை. ஆழமான மண்ணும் மேலே ஒரு தாழ்ந்த மூடியுமே வேண்டும். அத்தகைய பேழையில் கனத்த கட்டையை மண்மேல் வைத்தால், தவளை அடியிற் தோண்டத் தோண்டக் கட்டை இறங்கி அதனை நசுக்கும். ஆதலின் கட்டையைப் பேழையின் அடித்தளத்திலேயே ஊன்றி நிறுத்தி, பின்னர் மண்ணைச் சுற்றிப் பரப்புதல் வேண்டும்.

முள்ளும் சிராயும் மெல்லிய தோலைக் கிழிக்குமாதலின் உப்புத்தாள் கொண்டு தேய்த்து நீக்குக. கால் சிக்கும் குறுகிய பிளவுகளை அகலச் செய்க. புதிய கட்டையில் சிலநாளில் வெண்பூசணம் படர்தல் உண்டு. துடைத்துக் காற்றோட்டம் மிகுத்தால் பெரும்பாலும் அடங்கும். விரலால் அழுத்தப் பதியும் நிலை வந்தவுடன் கட்டையை மாற்றுக. தவளை இரை மறுத்தாலும், நீர்த்தட்டை விட்டு அகலாது கிடந்தாலும், அளவிறந்து தோல் உரித்தாலும், புதிதாக வைத்த கட்டையை முதலில் வெளியே எடுத்து நீரை மாற்றுக. காரணத்தைப் பின்னர் ஆராயலாம். வெளியே எடுத்த கட்டையையும் மண்ணையும் ஏரியில் எறிதல் ஆகாது. பேழையில் தோன்றிய நோய் ஏரிக்குச் செல்லுமாயின், ஓர் உயிரைக் காக்கப் புகுந்த நாம் பல்லாயிரம் உயிர்க்குத் தீங்கு செய்தோராவோம். கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்திய பின் அடுப்பிலிடுக.

இவற்றையெல்லாம் கூட்டி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கடற்கரையில் நம் கண்ணைக் கவரும் வெண்கட்டை தவளைக்கு ஆகாது. வீட்டுக்கு உயர்ந்ததாகிய தேக்கு ஐயத்துக்குரியது. நமக்கு மருந்தாகிய வேம்பும் ஏலாது. ஒருவரும் விரும்பி நோக்காத புளியங்கிளையும், குப்பையில் எறியும் கொட்டாங்கச்சியுமே அதற்கு நல்லன. நம் விருப்பத்தை அளவுகோலாகக் கொள்ளாது அவ்வுயிரின் தோலை அளவுகோலாகக் கொண்டால்தான் இம்முடிவு கிட்டும். ஏரியில் வாழும் தவளை, நீர் தீதாயின் கரையேறி வேறிடம் செல்லும். பேழையுள் இருப்பதற்கு அவ்வழியை நாமே அடைத்துவிட்டோம். அடைத்தவர் அந்நீருக்குப் பொறுப்பாதல் வேண்டும். விலங்கியல் பயிலும் நண்பர்கள் நம் ஆய்வுக்கூடத்துப் பேழைகளை இந்நோக்குடன் ஒருமுறை ஆராய்வாராயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.